பன்னிரண்டாவது குழி

எங்கள் அருங்காட்சியகத்தின் பின்முற்றத்தில் கட்டில் அகலத்துக்கு ஒரு கருங்கல் கிடந்தது. மேலே வட்ட வட்டமாகக் குழிகள். பாதி எலுமிச்சம்பழத்தை ஈரக் களிமண்ணில் கவிழ்த்து அழுத்தினால் எவ்வளவு பள்ளம் விழுமோ, ஒவ்வொன்றும் அவ்வளவு இருக்கும். தலைமாட்டில் ஒரு தகரப் பலகை. ‘வரலாற்றுக்கு முற்பட்ட காலத்துக் குழிக்கல். பதினொரு குழிகள் உள்ளன. எதற்காக என்பது தெரியவில்லை’ என்று எழுதியிருக்கும். நடுவில் இருக்கிற வரி தப்பு. கல்லில் இருந்தது பன்னிரண்டு. அது அக்காவுக்குத் தெரியும், அவள் சொல்லி எனக்குத் தெரியும். பலகையில் ஒரு எண்ணை எழுதி வைத்துவிட்டால் அப்புறம் எவரும் விரலை நீட்டி எண்ணுவதில்லை. அவள் சொல்லாவிட்டால் நானும் எண்ணியிருக்க மாட்டேன்.

அக்காவுக்கு அங்கே காவல் வேலை என்று பெயர். உண்மையில் எல்லா வேலையும் அவள் தலையில்தான். காலையில் கூடங்களைத் திறப்பது, பெருக்குவது, கண்ணாடிப் பெட்டிகளில் படிந்த விரல் ரேகைகளைத் துடைப்பது, பாடம் செய்த பறவைகளுக்கு அடியில் அந்துருண்டை போடுவது, பழைய ஜாடிகளைச் சுண்டிப் பார்க்கிற ஆசாமிகளை முறைப்பது, சாயங்காலம் எல்லாவற்றையும் பூட்டுவது. இடுப்பில் ஒரு வளையம் நிறையச் சாவிகள் தொங்கும். ஆள் வருவதற்கு முன்னால் சத்தம் வந்துவிடும். அதனால் எல்லாருக்கும் அவள் சாவியக்கா.

நான் அவளுடைய ஒரே தங்கை. முற்றத்து ஓரத்தில் இருக்கிற டீக்கடை என்னுடையது. ஒரு அடுப்பு, ஒரு பெஞ்சு, பன்னும் பிஸ்கட்டும் போட்டு வைக்கிற கண்ணாடி ஜாடிகள், அவ்வளவுதான் கடை. அடுப்புக்குப் பின்னால் நின்றால் கல் நேர் எதிரே தெரியும். ஆகவே நான் சொல்வதெல்லாம் கண்ணால் பார்த்தது. யாரும் என்னிடம் வந்து கதை விட வேண்டாம்.

தினமும் காலையில் வேறு எந்தப் பூட்டையும் தொடுவதற்கு முன்னால் அக்கா கல்லுக்குத்தான் போவாள். ஓரத்தில் தனியாக ஒரு குழி இருக்கும். குனிந்து அதற்குள் ஆள்காட்டி விரலை விட்டு ஒரு சுற்றுச் சுற்றுவாள். தூசி, சருகு, செத்த எறும்பு, எது இருந்தாலும் வெளியே வந்துவிடும். மற்ற பதினொன்றும் பாசி பிடித்துக் கிடக்கும். அதுகளைத் திரும்பிக்கூடப் பார்க்க மாட்டாள். சாயங்காலம் போகும்போது அந்த ஒரு குழியின் மேல் ஒரு பீங்கான் தட்டைக் கவிழ்த்து, தட்டின் மேல் ஒரு செங்கல்லை வைத்துவிட்டுத்தான் வாசலைத் தாண்டுவாள். தட்டு என் கடைத் தட்டு. கேட்டு எடுக்கவில்லை.

மழை பகலில் வந்தால்தான் வேடிக்கை. கூடத்துக்குள் ஒரு பள்ளிக்கூடமே வரிசையில் நின்றாலும் அப்படியே போட்டுவிட்டு ஓடிவருவாள். நனைந்துகொண்டே குனிந்து அந்தக் குழியில் விழுகிற தண்ணீரை விரலால் அள்ளி அள்ளி வெளியே தெளிப்பாள். இடி மின்னல் ஒன்றும் அவளுக்குக் கணக்கில்லை. புதிதாக வருகிறவர்கள் என்னிடம் “அந்தம்மாவுக்கு ஏதாவது...” என்று இழுப்பார்கள். “ஒண்ணும் இல்ல, டீ ஆறுது, குடிங்க” என்று வாயை அடைத்துவிடுவேன். வீட்டுக்குப் போய் அக்காவைத் திட்டுவது என் உரிமை. வெளியாள் பேசினால் எனக்குப் பொறுக்காது.

எல்லாவற்றுக்கும் காரணம் அத்தான்.

அவர் தரைக்கல் பதிக்கிறவர். அருங்காட்சியகத்து முற்றத்துக்குக் கல் பதிக்க ஒரு கோஷ்டி வந்தபோது அதில் ஒருவராக வந்தார். நெட்டையான ஆள். முட்டியில் ரப்பர் பட்டை கட்டிக்கொண்டு, நூல் பிடித்து, ரசமட்டம் வைத்து, ரப்பர் சுத்தியலால் டொக் டொக்கென்று தட்டிக்கொண்டிருப்பார். வேலை படு சுத்தம். முற்றம் முழுக்க ஒரு கல் ஆடாது. ஆனால் அக்கா கூடத்திலிருந்து இறங்கி வருகிற படிக்குக் கீழே இருந்த ஒரு கல் மட்டும் ஆடியது. கால் வைத்தால் டக்கென்று சத்தம் போடும். அக்கா போய்ச் சொன்னாள். அவர் வந்து பெயர்த்து, மணல் போட்டு, திரும்பப் பதித்தார். மறுநாளும் ஆடியது. மறுபடி வந்தார். கோஷ்டி வேலையை முடித்துக்கொண்டு அடுத்த இடத்துக்குப் போன பிறகும், அந்த ஒரு கல்லைச் சரிசெய்ய அவர் சாயங்காலம் தோறும் வந்துகொண்டிருந்தார். அதை வேண்டுமென்றே ஆடவிட்டிருந்தார் என்கிற குட்டு கல்யாணத்துக்கு அப்புறம்தான் உடைந்தது. அக்கா அதைச் சொல்லிச் சொல்லிச் சிரிப்பாள். நானும் அன்றைக்குச் சிரித்தேன். இப்படி நல்ல மூஞ்சியை வைத்துக்கொண்டு புளுகுகிறவனிடம் ஜாக்கிரதையாக இருக்க வேண்டும் என்று அப்போது எனக்குப் புத்தி வரவில்லை.

சைக்கிள் பழுதுபார்க்கும் கடைக்கு மேலே இரண்டு அறை எடுத்துக் குடித்தனம் நடத்தினார்கள். ஒரு அறையில் அவர்கள், இன்னொன்றில் நானும் பாத்திரங்களும். கீழே நாளெல்லாம் சக்கரம் தட்டுகிற சத்தம் கேட்கும். அத்தான் அதற்குத் தாளம் போட்டுப் பாடுவார். குரல் சகிக்காது. ஆனாலும் அந்த வீட்டில் அவர் இருந்த வரைக்கும் யாரும் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு சோறு தின்றதில்லை. இதையும் நான் சொல்லித்தான் ஆக வேண்டும்.

வேலை முடிந்து அக்காவைக் கூட்டிப்போக அவர் முற்றத்துக்கு வந்துவிடுவார். அக்கா பூட்டி முடிக்கிற வரைக்கும் எனக்கு முதுகைக் காட்டியபடி அந்தக் குழிக்கல்லில்தான் உட்கார்ந்திருப்பார். அவளுக்கோ ஒவ்வொரு பூட்டையும் இழுத்து இழுத்துப் பார்த்தால்தான் திருப்தி. அவர் காத்திருக்க, என் டீயையும் ஓசியில் குடிக்க, இப்படிப் போய்க்கொண்டிருந்தது.

அப்புறம் கடல் தாண்டி ஒரு துறைமுகத்தில் கல் பதிக்கிற வேலை வந்தது. பெரிய வேலை, ஒப்பந்தம் முடிந்ததும் வந்துவிடலாம் என்றார்கள். கிளம்புவதற்கு முந்தின சாயங்காலம் அவர் அக்காவைக் கல்லருகே கூப்பிட்டார். நான் கடையை ஒழுங்குபடுத்திக்கொண்டிருந்தேன், காது அங்கே இருந்தது.

“இங்க பாரு. இதுல எத்தனைன்னு எண்ணு.”

அக்கா எண்ணினாள். “பன்னெண்டு. என்னங்க இது, பதினொண்ணுதானே இருக்கும்?”

“பன்னெண்டாவது நான் போட்டது. உனக்காக.”

“அடப்பாவி மனுஷா! இது எந்தக் காலத்துக் கல்லு! என் வேலை போயிடும்!”

“யாரு எண்ணப் போறா? நான் போறேனேன்னு அழாத. இந்தக் குழி ரொம்பறதுக்குள்ள வந்துடுவேன்.”

அது விளையாட்டுக்குச் சொன்ன பேச்சு. ஊருக்குப் போகிற எந்த ஆணும் பெண்டாட்டியின் கண்ணைத் துடைக்க ஏதாவது ஒன்றைச் சொல்லித்தான் வைப்பான். மற்ற பெண்கள் அதைக் கேட்டுக்கொண்டு மறந்துவிடுவார்கள். எங்கள் அக்கா அதைப் பிடித்துக்கொண்டாள். குழி நிரம்பினால்தானே அவர் தாமதமாக வந்தவர் ஆவார்? நிரம்பாமல் பார்த்துக்கொண்டால் போயிற்று.

முதலில் வாரம் தவறாமல் போன் வந்தது. பிறகு எப்போதாவது வந்தது. பிறகு நின்றே போனது. அவரை அழைத்துப்போன நிறுவனத்தில் கேட்டால் ஒப்பந்தம் முடிந்து போய்விட்டார், எங்கே என்று தெரியாது என்றார்கள். கூடப் போன ஒருவர் திரும்பி வந்து, வேறொரு துறைமுகத்தில் அவரைப் பார்த்ததாகச் சொன்னார். நல்லாத்தான் இருந்தான் என்றார். அந்த ஒரு வார்த்தை எனக்குப் போதுமானதாக இருந்தது. ஆள் கம்பி நீட்டிவிட்டான் என்று முடிவு கட்டினேன். அக்காவுக்கும் அதே வார்த்தை போதுமானதாக இருந்தது. நன்றாக இருக்கிறவர் வந்துவிடுவார் என்று அவள் முடிவு கட்டினாள்.

வருஷங்கள் போயின. அவளுடைய தலை நரைத்தது. அத்தானின் முட்டிப் பட்டைகள் கதவுக்குப் பின்னால் ஆணியில் தொங்கிக்கொண்டிருந்தன. ரப்பர் வெடித்துவிடும் என்று அவ்வப்போது எண்ணெய் தடவி வைப்பாள். மீட்டர் கணக்கெடுக்க வருகிற ஒருவர், பெண்டாட்டியை இழந்தவர், தங்கமான மனுஷர், என் மூலமாக விசாரித்துப் பார்த்தார். நான் நயமாக எடுத்துச் சொன்னேன். அக்கா பாத்திரம் துலக்கிக்கொண்டே, “நான் புருஷன் இருக்கறவடி” என்றாள். அவள்மேல் கோபம் வந்தது. அவளை இப்படிக் காக்க வைத்த மனுஷன்மேல் அதைவிடக் கோபம் வந்தது. இவ்வளவு ஆசையை ஒருத்தி வீணாக வைத்திருக்கிறாளே என்கிற வயிற்றெரிச்சல்தான் எல்லாவற்றையும் விடப் பெரிது.

இப்படி இருக்கும்போதுதான் புதுக் கூடம் கட்டினார்கள். முற்றத்தில் வெயிலிலும் மழையிலும் கிடக்கிற பழைய கற்களையெல்லாம் உள்ளே கொண்டுபோய்க் கண்ணாடிக்குள் வைப்பதாகத் திட்டம். அதற்கு முன்னால் குழிக்கல்லை முழுசாக ஆராய்ந்து படம் எடுக்க வெளியிலிருந்து ஒரு ஆராய்ச்சியம்மா வந்தார். எங்கள் காப்பாட்சியர் அவரை முற்றத்துக்குக் கூட்டிவந்து, அக்காவும் இருக்கும்போதே சொன்னார்: “பழசு எது, பிற்காலத்துல யாராவது கீறினது எதுன்னு பிரிச்சுக் குடுத்துடுங்க மேடம். பிற்காலத்து சமாசாரம் எதுவா இருந்தாலும் பூசி அடைச்சுட்டுத்தான் உள்ள வைக்கப் போறோம்.”

அக்காவின் முகத்தில் ஈயாடவில்லை. எனக்கோ அப்பாடா என்று இருந்தது. அடைத்துத் தொலையட்டும், சனியன் ஒழியட்டும் என்று மனசுக்குள் சொல்லிக்கொண்டேன்.

மறுநாள் காலையில் பார்த்தால் குழிக்கல்லின் ஓரத்தில் ஒரு பூந்தொட்டி. ஆராய்ச்சியம்மா அதை நகர்த்தி வைத்துவிட்டு வேலை செய்தார். அடுத்த நாள் அங்கே தரை துடைக்கிற வாளி. அதற்கடுத்த நாள், காய வைத்த துடைப்பான் துணிகள், கச்சிதமாக அந்த மூலையில் மட்டும். ஆராய்ச்சியம்மா ஒவ்வொன்றையும் பொறுமையாக எடுத்து வைத்தார். “உங்க அக்காவுக்கு இந்த மூலையில என்ன?” என்று என்னிடம் கேட்டார். “அவளுக்கு எல்லா மூலையும் ஒண்ணுதாங்க” என்று பொய் சொன்னேன். மனசுக்குள் வேறு சொல்லிக்கொண்டிருந்தவள் ஏன் பொய் சொன்னேன் என்று எனக்கே தெரியவில்லை.

அந்தம்மாவின் வேலை பார்க்க நன்றாக இருக்கும். மெல்லிய தூரிகையால் கல்லைப் பெருக்குவார். தண்ணீர் தொட்டுத் தொட்டுப் பாசியை எடுப்பார். கறுப்புத் துணியைக் கூடாரமாகக் கட்டி, உள்ளே படுத்துக்கொண்டு டார்ச் விளக்கைப் பக்கவாட்டில் அடித்துப் பார்ப்பார். அப்படி அடித்தால்தான் சின்னப் பள்ளம்கூட நிழல் விழுந்து தெரியுமாம். நடுவில் என் பெஞ்சுக்கு வந்து டீ குடிப்பார். சுற்றி நாலு பேர் கூடி, இது எதுக்குத்தாங்க என்று வாயைக் கிளறுவார்கள்.

“உலகம் பூரா இப்படிக் குழி இருக்குங்க. பாறையில, சமாதிக் கல்லுல, ஆத்தங்கரையில. நட்சத்திரத்தைக் குறிச்சு வச்சாங்கன்னு சிலர் சொல்றாங்க. செத்தவங்களுக்குப் பால், தண்ணி ஊத்தினதுன்னு சிலர். குழந்தை வேணும்னு வேண்டிக்கிட்டு அந்தக் கல்லுப் பொடியை எடுத்தாங்கன்னு சிலர். தட்டினா வர்ற சத்தத்துக்காகன்னுகூட ஒருத்தர் எழுதியிருக்கார்.”

“நீங்க என்ன சொல்றீங்க?”

“நான் டீ நல்லாருக்குன்னு சொல்றேன்.”

எல்லாரும் சிரித்தார்கள். அக்கா மட்டும் கண்ணாடியைத் துடைக்கிற சாக்கில் ஜன்னலுக்குப் பின்னால் நின்று கேட்டுக்கொண்டிருந்தாள். அன்றைக்கு வீட்டில் சோறு இறங்கவில்லை அவளுக்கு. “கண்டுபுடிச்சுடுவாங்கடி” என்றாள். “கண்டுபுடிக்கட்டுமே” என்றேன். “அடைச்சுட்டா அவர் வந்து பார்க்கும்போது நான் என்ன சொல்லுவேன்?” என்றாள். அத்தனை வருஷத்துக்கு அப்புறமும் அவள் கவலைப்பட்டது அந்தப் பதிலைப் பற்றித்தான்.

முடிவு சொல்கிற நாள் வந்தது. காப்பாட்சியர் டீ டம்ளரோடு கல்லருகே நின்றார். நானும் அடுப்பைச் சின்னதாக்கிவிட்டுப் போய் நின்றேன். அக்கா படியில் நின்றாள், சாவிக்கொத்தைக் கையில் இறுக்கிப் பிடித்துக்கொண்டு.

“பலகையில பதினொண்ணுன்னு இருக்கு, தப்பு. பன்னெண்டு இருக்கு” என்றார் ஆராய்ச்சியம்மா. “அந்த ஓரத்துக் குழி மேல எனக்கு முதல்ல சந்தேகம் இருந்துச்சு, ஏன்னா அது மட்டும் பளபளன்னு சுத்தமா இருக்கு. ஆனா நல்லாப் பார்த்துட்டேன். அதுவும் அந்தக் காலத்ததுதான். தேய்மானத்தைப் பார்த்தா மத்ததைவிட மூத்ததாக்கூட இருக்கலாம். எதையும் அடைக்க வேண்டியதில்ல.”

எனக்கே அப்போதுதான் மூச்சு வந்தது. தப்பித்தது! இனி அக்கா வாயை மூடிக்கொண்டு இருந்தால் போதும். அவள் குழி கண்ணாடிக்குள் பத்திரமாகக் காலாகாலத்துக்கும் இருக்கும். திரும்பி அவளைப் பார்த்தேன். பறிகொடுத்தவள் மாதிரி நின்றாள்.

“இல்ல மேடம்” என்றாள்.

“என்ன இல்ல?”

“அது பழசு இல்ல. அது என் வீட்டுக்காரர் போட்டது.”

“அக்கா, சும்மா இரு” என்று கையைப் பிடித்து இழுத்தேன். உதறிவிட்டாள். காப்பாட்சியர் டீயைச் சட்டையில் சிந்திக்கொண்டார். “வீட்டுக்காரரா? இங்கயா? உளியை வச்சா?”

“ஆமா சார். என்னை வேலையை விட்டு எடுத்தாலும் பரவாயில்ல. அடைக்கணும்னா அடைச்சுக்குங்க. ஆனா யாரோ பேர் தெரியாதவங்க போட்டதுன்னு மட்டும் எழுதாதீங்க. அது அவர் போட்டது. எனக்காகப் போட்டது.”

ஆராய்ச்சியம்மா சிரிக்கவில்லை, கோபப்படவும் இல்லை. “இங்க வந்து உக்காருங்கம்மா” என்று அக்காவைக் கல்லுக்குப் பக்கத்தில் உட்கார வைத்து, கறுப்புத் துணியை இரண்டு பேர் தலைக்கும் மேலே இழுத்துவிட்டு டார்ச்சை அடித்தார். நான் விடுவேனா, நானும் தலையை நுழைத்துக்கொண்டேன்.

“உளி பட்டா கோடு கோடா இருக்கும். இது பாருங்க, அடியில புள்ளி புள்ளியா இருக்கு. கல்லால கல்லைக் கொத்தி, அப்புறம் மணலும் தண்ணியும் விட்டுத் தேய்ச்சது. இரும்பே இல்லாத காலத்து வேலை. இப்ப இந்தப் புள்ளிக்குள்ள பாருங்க. சாம்பல் கலர்ல ஒட்டிக்கிட்டிருக்கே, அது சிமெண்ட். உங்க பழைய பதிவேட்டைப் பார்த்தேன், இந்தக் கல்லு இங்க வர்றதுக்கு முன்னாடி ஒரு கிடங்கு வாசல்ல படியாக் கிடந்திருக்கு. கைவண்டிச் சக்கரம் இடறுதுன்னு ஓரத்துக் குழியை யாரோ பூசி அடைச்சிருக்காங்க. அதான் பலகை எழுதினவங்க கண்ணுக்குப் பதினொண்ணுதான் தெரிஞ்சுது.”

“அப்போ அவர்...?”

“அவர் குழி போடலைம்மா. அடைச்சிருந்ததைத் திறந்திருக்கார்.”

“பார்த்தியா? இதுலயும் புளுகுதான்!” என்று துணிக்குள்ளேயே கத்திவிட்டேன். வருஷக்கணக்காக அடக்கி வைத்திருந்தது. அக்கா என்னைப் பார்க்கவில்லை. விரலைக் குழிக்குள் வைத்தபடி இருந்தாள்.

“அவருக்கு அடியில பழசு இருக்குன்னு தெரிஞ்சிருக்குமா மேடம்?”

“கல்லு வேலை செய்றவருக்குத் தெரியாம இருக்காது. விளிம்புல ஒரு இடம்கூடப் பிசகல, பாருங்க. சுத்தியலும் உளியும் வச்சிருந்தா ரெண்டு தட்டுல முடிஞ்சிருக்கும், கல்லும் விண்டு போயிருக்கும். இவர் ஆணி மாதிரி சின்னதா எதையோ வச்சுக்கிட்டு, பொடிப்பொடியாச் சுரண்டி எடுத்திருக்கார். ஒரு நாள் வேலை இல்ல இது. பல நாள் உக்காந்திருக்கணும்.”

“உக்காந்திருந்தாரு” என்றாள் அக்கா. “நான் பூட்டிட்டு வர்ற வரைக்கும் தெனமும் உக்காந்திருந்தாரு.” சொல்லிவிட்டு அழுதாள். அவள் அழுது நான் பார்த்து வெகுநாளாகியிருந்தது. பிறகு மூக்கைத் துடைத்துக்கொண்டு, “நெஜமாவே யாரு மேடம், எதுக்கு இதைப் போட்டாங்க?” என்று கேட்டாள்.

“நெஜமா எனக்குத் தெரியாது. ஒண்ணு மட்டும் சொல்லலாம். எந்தக் குழியும் ஒரே நாள்ல வந்ததில்ல. கொத்திட்டுப் போயிருக்காங்க. மறுபடியும் அதே இடத்துக்குத் திரும்பி வந்து கொத்தியிருக்காங்க. ரொம்ப காலத்துக்கு வந்துக்கிட்டே இருந்திருக்காங்க.”

அக்கா குழிக்குள் விரலை ஒரு சுற்றுச் சுற்றினாள்.

“அவங்கல்லாம் திரும்பி வந்திருக்காங்க” என்றாள்.

அவ்வளவுதான் சொன்னாள். எழுந்து போய் அன்றைய பூட்டுகளைப் பூட்ட ஆரம்பித்தாள். காப்பாட்சியர் அவளை ஒன்றும் சொல்லவில்லை. ஒரு பழைய குழியைத் திறந்துவிட்டதற்காக யாரையும் வேலையை விட்டு எடுக்க முடியாது என்று என்னிடம் முணுமுணுத்துவிட்டு, சட்டையைக் கழுவப் போனார்.

மறுநாள் காலையில் அக்கா கல்லுக்குப் போகவில்லை. நேராகக் கூடத்துக்குப் போய் முதல் பூட்டைத் திறந்தாள். அதற்கு மறுநாளும் அப்படியே. சாயங்காலம் தட்டைக் கழுவி, என் கடையில் கொண்டுவந்து வைத்தாள். “ஒன்னோடதுதானே” என்றாள். வீட்டில் ஆணி வெறுமையாக இருந்தது. முட்டிப் பட்டைகளை எங்கே வைத்தாள் என்று கேட்க எனக்குத் தைரியம் இல்லை. எத்தனை வருஷம் இதற்காக அவளைக் கரித்துக் கொட்டியிருக்கிறேன்! இப்போது நான் கேட்டது நடந்துவிட்டது. ஆனால் காலையில் அடுப்பைப் பற்றவைத்துவிட்டு எதிரே பார்த்தால் கல் தனியாகக் கிடந்தது. குழிக்குள் சருகு விழுந்திருந்தது.

கல்லை உள்ளே எடுத்துப்போக நாள் குறித்தார்கள். கிரேன் காலையில் வருகிறது என்று சொல்லிவிட்டுப் போனார்கள். அதற்கு முந்தின சாயங்காலம் பார்வையாளர்கள் எல்லாரும் கிளம்பிப்போன நேரத்தில் மழை பிடித்துக்கொண்டது. சாதாரண மழை இல்லை. என் கடைத் தகரக் கூரைக்குக் கீழே பேச்சே கேட்காத மழை.

அக்கா கூடத்து வாசலில் வந்து நின்றாள். பழக்க தோஷத்தில் இதோ ஓடப்போகிறாள் என்று நினைத்தேன். ஓடவில்லை. கையைக் கட்டிக்கொண்டு கல்லையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

“அக்கா, மழை!” என்று கத்தினேன்.

“தெரியுது” என்று குரல் கொடுத்தாள். “ரொம்பட்டும்டி. ஒரு தடவை ரொம்பிப் பாத்துடறேன்.”

நான் இருந்த இடத்திலிருந்தே தெரிந்தது. ஆழம் கொஞ்சம் குறைந்த மற்ற குழிகளெல்லாம் எப்போதோ வழிந்துவிட்டன. ஓரத்துக் குழியில் பாதிக்கு மேல் ஏறிவிட்டது. நாளைக்குக் காலையில் அந்தக் கல் கூரைக்குக் கீழே போய்விடும், கண்ணாடிக்குள் போய்விடும். அப்புறம் எத்தனை யுகம் ஆனாலும் அதில் ஒரு சொட்டு விழப்போவதில்லை. அத்தான் எப்போது வந்தாலும் சொன்ன சொல் தவறாதவராகத்தான் வருவார். இத்தனை வருஷம் ஒருத்தி நனைந்து நனைந்து காப்பாற்றியது, கடைசி சாயங்காலத்தில் போவதா?

அடுப்பை அணைத்தேனா என்றுகூட நினைவில்லை, கையருகே இருந்த தட்டும் நினைவுக்கு வரவில்லை. ஓடினேன். அந்த மனுஷனை எனக்குப் பிடிக்காது, இன்றைக்கும் பிடிக்காது. ஆனாலும் முட்டி போட்டு உட்கார்ந்து, இரண்டு விரலை விட்டு அந்தத் தண்ணீரை வெளியே அள்ளினேன். அள்ள அள்ள விழுந்தது. தலை, முதுகு, எல்லாம் நனைந்து மூக்கு நுனியில் தண்ணீர் ஒழுகியது. அக்கா இத்தனை நாள் இதை எப்படிச் செய்தாள் என்று அப்போதுதான் எனக்குப் புரிந்தது. விளிம்புக்கு ஒரு நூல் கீழே வரைக்கும் ஏறும், வாரி எறிந்தால் இறங்கும், மறுபடி ஏறும்.

“பைத்தியமாடி ஒனக்கு? விடு! காய்ச்சல் வந்து படுத்துக்கப் போற!” என்று அக்கா வாசலிலிருந்து கத்தினாள்.

“நீ சும்மா இரு!” என்று நானும் கத்தினேன்.

மழைக்கு நடுவே சாவிச் சத்தம் கேட்டது. பார்வையாளர் யாரோ மறந்து வைத்துவிட்டுப் போன பெரிய கறுப்புக் குடை ஒன்றை விரித்துக்கொண்டு அக்கா முற்றத்தில் இறங்கி வந்தாள். படிக்குக் கீழே இருந்த அந்த ஒரு கல் டக்கென்றது. வந்து என் பக்கத்தில் நின்று குடையைச் சாய்த்துப் பிடித்தாள்.

என் தலைக்குப் பிடிக்கவில்லை. குழிக்குப் பிடித்தாள்.

“ஓரத்துல இன்னும் கொஞ்சம் இருக்கு பாரு” என்றாள். “அதையும் அள்ளிடு.”